இன்ஹேலர் கையில் இருந்தும் இரவெல்லாம் மூச்சிரைப்பு: மலைக்கிராமத்தில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மேல்மலைச் செவிலியர்:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் பயிரிடும் ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவர்கள் ஊறிப் பூசணம் பிடிக்கத் தொடங்கும்போதும், மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போதும் மூச்சிரைப்போடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்களில் பலரிடம் ஏற்கெனவே இன்ஹேலர் இருக்கிறது என்பதுதான் என் கவலை. மருந்து கிடைக்காதவர் திணறினால் காரணம் விளங்குகிறது. மருந்தை மடியில் முடிந்து வைத்துக்கொண்டே ஒருவர் விடிய விடியத் திணறிவிட்டு வருகிறார் என்றால், மருந்தோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய வேறு ஏதோ ஒன்று அவரிடம் போய்ச் சேரவில்லை.

பெரும்பாலோர் இழுப்பு வந்ததும் எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அன்றாடம் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை நெஞ்சு லேசானதும் நிறுத்திவிடுகிறார்கள். பழகிவிட்டால் விட முடியாது என்ற அச்சம் வயதானவர்களிடமும், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் அதிகம். ஊசி போட்டால் போதும் என்பவர்களும் உண்டு.

இங்கிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலைப் பேருந்து போய்விட்டால் வாடகை ஜீப்பைத்தான் தேட வேண்டும். பாதையில் பனிமூட்டமும் காட்டெருமைகளும் இருக்கும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தை வீட்டிலேயே சமாளிக்கும் அறிவும் துணிவும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் இருந்தே ஆக வேண்டும். மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையான உலக ஆஸ்துமா நாளில் கூட்டம் நடத்துகிறோம், துண்டறிக்கை கொடுக்கிறோம். மக்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் அதே முகங்கள் அதே நிலையில் வந்து நிற்கின்றன. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்ற நிலையில் எதை முதலில் கற்றுக்கொடுப்பது? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் என்ன கொடுத்து அனுப்புவது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


குன்னூர் மருத்துவர்:

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது மலைப்பகுதியில் பணிபுரியும் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டிய கேள்வி. குன்னூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் புறநோயாளிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூட்டம் நடத்தியும் மாற்றமில்லை என்பது உங்கள் ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. மருத்துவ ஆய்வுகளை ஒருங்கே திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. பெரியவர்களுக்கு நோயைப் பற்றிய தகவலை மட்டும் சொல்லி அனுப்பியதால் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. தன் நிலையைத் தானே கவனித்துக்கொள்வது, எழுத்தில் ஒரு செயல்திட்டம், குறித்த இடைவெளியில் மறுபரிசோதனை ஆகிய மூன்றும் கல்வியோடு சேர்ந்தபோதுதான் மருத்துவமனைச் சேர்க்கையும், அவசர சிகிச்சைக்கு ஓடுவதும், இரவில் திணறி விழிப்பதும் குறைந்தன. ஆகவே துண்டறிக்கையின் மொழியை எளிமையாக்குவதிலோ படங்களைக் கூட்டுவதிலோ உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். அந்த நேரத்தை ஒவ்வொருவரின் கைக்கும் வாய்க்கும் கொடுங்கள்.

பத்து நிமிடத்தில் முதல் பாதியில் நான் அதிகம் பேசமாட்டேன். இன்ஹேலரை எடுத்து, வீட்டில் எப்படி எடுப்பீர்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். 70 முதல் 80 சதவீதம் வரையிலான நோயாளிகளுக்கு இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிவதில்லை என்று, ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜைனா (GINA) அமைப்பு குறிப்பிடுகிறது. நீங்கள் பார்க்கத் தொடங்கினால் அது மிகையன்று என்பது புரியும். சிலர் குலுக்குவதே இல்லை. சிலர் மூச்சை வெளியே விடாமல் நிரம்பிய நெஞ்சோடு அழுத்துகிறார்கள். சிலர் முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுக்கிறார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதடுகளால் குழாயை இறுகப் பற்றி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கிய உடனே அழுத்தி, நெஞ்சு நிரம்பும் வரை தொடர்ந்து இழுத்து, 10 விநாடி வரை அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது பஃப், அதாவது இன்னொரு அழுத்து மருந்து, தேவையென்றால் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடியும் குலுக்கித் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதை நீங்கள் ஒரு முறை செய்து காட்டி, அவர் உங்கள் முன் செய்து, தவறிய இடத்தை மட்டும் திருத்தி, மறுபடி செய்யச் சொல்லி அனுப்புங்கள். சரியாகக் கற்றவர்களிடமும் நான்கைந்து வாரங்களில் பழைய தவறுகள் திரும்பி வரும் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் இதைத் தொடர வேண்டும்.

கையும் மூச்சும் ஒத்துவராத முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும், இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்ற கூடு இன்றியமையாதது. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டுச் செய்த ஸ்பேசர், கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாகக் குழந்தைகளுக்குப் பயன்பட்டதை 1999இல் வெளியான கேப் டவுன் ஆய்வு காட்டியது. நம் மலைகளில் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், பாட்டிலைத் தேடுவதைவிட நிலையத்துக்கென்று சில ஸ்பேசர்களை எழுதிக் கேட்டுப் பெறுவதே முறை. புதிய பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உட்சுவரில் நிலை மின்னூட்டம் ஏறி மருந்து ஒட்டிக்கொள்ளும். உறைபனிக் காலத்தில் குளிர்ந்து கிடக்கும் குப்பி வழக்கமான அளவு மருந்தைத் தள்ளாது. எனவே ஜன்னலோரத்தில் வைக்காமல் சட்டைப் பையிலோ தலையணைக்கு அருகிலோ வைக்கச் சொல்லுங்கள். அடுப்பருகே வைத்துச் சூடாக்குவது ஆபத்து.

மருந்துகளை நிறத்தைச் சொல்லி அடையாளம் காட்ட வேண்டாம்; கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறுகிறது. அன்றாட மருந்தின் மீது ஒரு துண்டு பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டால் இருட்டிலும் விரல் அடையாளம் கண்டுகொள்ளும். 2019 முதல் ஜைனா அமைப்பு, பெரியவர்களுக்கும் 12 வயதைக் கடந்தவர்களுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு மருந்தான புடசோனைடும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் கலந்த ஒரே இன்ஹேலரை அன்றாட மருந்தாகவும் அவசர மருந்தாகவும் பயன்படுத்தும் முறையையே அது முன்வைக்கிறது. உங்கள் மருத்துவ அலுவலர் இதற்கு இசைந்தால் கற்பிக்கும் வேலையே பாதியாகக் குறையும், ஏனெனில் எது எந்த நேரத்துக்கு என்ற குழப்பம் அங்கே எழுவதில்லை.


தாண்டிக்குடி வாசகி:

மருத்துவர் ஐயாவின் பதில் பயனுள்ளதாக இருந்தது. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஆஸ்துமா உள்ள ஒரு பையனின் தாய். பெற்றவர்களின் அச்சத்தைப் பற்றிச் செவிலியர் அம்மா எழுதியிருந்ததால் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று என் மாமியார் பெரிதும் அஞ்சினார். எங்கள் ஊருக்கு வரும் செவிலியர் அவரோடு வாதாடவில்லை. ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். சால்பியூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கிறது. இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான். அதாவது ஒரு மாத்திரையில் உள்ளது நாற்பது பஃப்களுக்குச் சமம், அதுவும் வயிற்றுக்குள் போய் உடல் முழுவதும் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. மாத்திரைக்கு அஞ்சாத நீங்கள் இதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டபோது அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அன்றாட மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கும் அந்தச் செவிலியர் எங்கள் வீட்டையே காட்டிச் சொன்னார். சுவரில் பூத்த பூசணத்தைத் துணியால் துடைப்பது இழுப்பு வந்தபோது எடுக்கும் மருந்து. சுவர் ஊறாமல் பார்த்துக்கொள்வது அன்றாட மருந்து. மழைக்காலத்தில் ஈரச் சுவரோடு வாழ்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

வீட்டுப் புகையைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் உறவினர் வீடுகளில் விதைப் பூண்டை அடுப்புக்கு மேல் பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டுவது வழக்கம். அதை விடச் சொன்னால் விதையே கெட்டுவிடும் என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே நோயாளி படுக்கும் இடத்தை மாற்றுவது, விறகை நன்றாகக் காயவைப்பது, அடுப்பெரியும்போது பின்கதவைத் திறந்துவைப்பது என்று அவர்களால் செய்ய முடிந்தவற்றைச் சொன்னால் கேட்கிறார்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்குவதை மட்டும் அறவே கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஆஸ்துமா இல்லாதவரின் உயிருக்கும் அது ஆபத்து.

பள்ளியையும் விட்டுவிடாதீர்கள். என் மகனின் பள்ளியில் இன்ஹேலரை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் திணறும் பிள்ளை சாவிக்காகக் காத்திருக்க முடியுமா? எங்கள் செவிலியர் நேரில் வந்து வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் செய்துகாட்டிய பிறகு, பையிலேயே வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.


பண்ணைக்காடு மருந்தாளுநர்:

மருந்துக் கடைப் பக்கத்திலிருந்து சில செய்திகள். ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலரில் வழக்கமாக 200 பஃப்கள் உள்ளன. ஓராண்டில் அப்படி மூன்றோ அதற்கு மேலோ ஒருவர் வாங்கினால், கடுமையான இழுப்பு வரும் அபாயம் அவருக்குக் கூடுகிறது. பன்னிரண்டு என்றால் உயிருக்கே அபாயம் கூடுகிறது. இந்தக் கணக்கை நோயாளி வைத்துக்கொள்ள மாட்டார், மருந்து கொடுக்கிறவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நிலையத்துப் பதிவேட்டில் இன்ஹேலர் கொடுத்த தேதிக்கு ஒரு பத்தி போதும். இரண்டாவது இன்ஹேலர் கேட்டு வருகிறவரை உட்காரவைத்துப் பேசிவிட்டுக் கொடுங்கள்.

எண் காட்டி இல்லாத குப்பியில் மருந்து தீர்ந்ததா என்று பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது நம்பத்தக்கது அன்று, வால்வும் கெடும். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு வெளிவரும் என்பதால் சத்தத்தை நம்பவும் கூடாது. தொடங்கிய தேதியைக் குப்பியின் மீதே எழுதிக் கொடுப்பது எளிது.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவிக்கு முறை வேறு. பம்பு இன்ஹேலரை மெதுவாக இழுக்க வேண்டும். பொடி மருந்தை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். மலையின் மழைக்காலத்தில் கேப்ஸ்யூலை அட்டையிலிருந்தோ டப்பாவிலிருந்தோ, மருந்தை இழுக்கப்போகும் நொடியில்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன்; ஆகவே முதல் கேப்ஸ்யூலை நோயாளி நம் கண் முன்னே எடுத்த பிறகுதான் மற்றவற்றைக் கொடுக்க வேண்டும்.


மேல்மலைச் செவிலியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டில் தேதிப் பத்தியை உடனே தொடங்கிவிட முடியும். பள்ளிக்கு நேரில் செல்வதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன். மருத்துவர் ஐயாவிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். எழுத்தில் செயல்திட்டம் வேண்டும் என்றீர்கள். எங்கள் பகுதியில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன, அங்கே முதியவர்கள் பலருக்கு எழுத்துப் பழக்கமில்லை. அடுத்து, எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாங்கச் சொல்வது பயன் தருமா? கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் சில வீடுகளில் இருக்கிறது. அதில் எண் சரியாக இருக்கிறது என்று சொல்லி வராமல் இருந்துவிடுகிறார்கள்.


குன்னூர் மருத்துவர்:

முதலில் ஆக்சிமீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆஸ்துமாவில் ஆக்சிஜன் அளவு பல நேரங்களில் தாமதமாகத்தான் இறங்கும். நோயாளி வேகவேகமாக மூச்சுவிட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். பலருக்குக் களைத்துப்போன பிறகே எண் வெகுவாகச் சரியும். எனவே எண் நன்றாக இருந்தாலும், ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாதவர் ஆபத்தில் இருக்கிறார் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். கழுத்துத் தசைகள் உள்ளிழுப்பது, உதடு நீலம் பாய்வது, மயக்கம் போன்ற தூக்கம் ஆகியவை இன்னும் கடுமையான அறிகுறிகள்.

பீக் ஃப்ளோ மீட்டர் எல்லோருக்கும் தேவையில்லை. மூச்சு இறுகுவதை உணராமலேயே திடீரென்று மோசமாகிறவர்களுக்கும், முன்பு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் அது மிகவும் உதவும். மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணைக் குறிக்க வேண்டும். உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் நாம் பயன்படுத்தும் சிறிய மீட்டர்கள் சற்றுக் குறைத்தே காட்டும். ஆகவே அட்டவணையில் உள்ள எண்ணோடு ஒப்பிடாமல், நோய் கட்டுக்குள் இருக்கும் இரண்டு வாரங்களில் அவரவர் வீட்டில், அவரவர் மீட்டரில் கிடைத்த சிறந்த எண்ணையே அளவாகக் கொள்ளுங்கள். அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழ் சிவப்பு.

மீட்டர் இல்லாதவர்களுக்கு நான்கு கேள்விகள் போதும். கடந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் தொந்தரவு இருந்ததா, ஆஸ்துமாவால் இரவில் விழித்தாரா, அவசர மருந்து வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா, தோட்ட வேலையோ ஏற்றம் ஏறுவதோ தடைப்பட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை.

எழுத்தறியாதவருக்கான திட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள் கொண்ட ஓர் அட்டையாக இருக்கலாம். மஞ்சள் பட்டையில் இரவு விழிப்புக்கு ஒரு நிலாவையும், எடுக்க வேண்டிய பஃப்களுக்கு அத்தனை புள்ளிகளையும் வரையுங்கள். அந்த அட்டையை வைத்து நோயாளி உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். இரவில் விழித்துவிட்டீர்கள், இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அவர் இன்ஹேலரை எடுத்துக் காட்டும் வரை விடக் கூடாது. வீட்டில் உடனிருக்கும் ஒருவர், பேரப்பிள்ளையானாலும், இதைக் கூடவே கற்றிருக்க வேண்டும். பஃப் எண்ணிக்கையை மருத்துவர்தான் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை 4 முதல் 10 பஃப் வரை சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாகக் கொடுக்க ஜைனா வழிகாட்டுதல் இடமளிக்கிறது. வீட்டு அளவை அவரவர் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இந்த இடத்தில்தான் சமவெளியில் எழுதிய திட்டத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் வற்புறுத்துவேன். மதுரையில் சிவப்பு நிலைக்கு வந்த பிறகு 108ஐ அழைத்தாலும் விரைவில் வண்டி வந்துவிடலாம். உங்கள் ஊரில் வண்டி மேலே வர ஒரு மணி நேரம், கீழே இறங்க ஒரு மணி நேரம். எனவே உங்கள் அட்டையில் 108 என்ற எண் மஞ்சள் பட்டையின் அடிப்பகுதியிலேயே இருக்க வேண்டும்: முதல் தவணை மருந்துக்குப் பிறகும் மூச்சிரைப்பு தணியவில்லை என்றாலோ, தணிந்த மூச்சிரைப்பு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி கூடினாலோ உடனே அழைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்பேசர் வழியாக மருந்தைத் தொடர வேண்டும். மாலைப் பேருந்து புறப்படும் முன்பே மஞ்சள் நிலையில் இருப்பவர் இரவு வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம் என்பதையும் அட்டையில் சேர்த்துவிடுங்கள்.


கோத்தகிரி கிராம சுகாதார செவிலியர்:

மறுபரிசோதனையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்கத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். எங்கள் பகுதியில் அவர்களுக்கு அந்த நான்கு கேள்விகளை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஆம் என்ற பதில் வந்த வீட்டின் பெயரை எனக்குத் தெரிவிப்பார்கள், நான் போய் இன்ஹேலர் எடுக்கும் முறையைப் பார்ப்பேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பகல் நேரத்தில் ஆளிருப்பதில்லை என்பதால் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துக்கே செல்வதும் உண்டு.

கடும் இழுப்பு வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள், சகோதரி. அந்த நேரத்தில்தான் அவர்கள் முழு மனதோடு கற்றுக்கொள்கிறார்கள். புதிதாக மருந்து தொடங்கியவரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே, பதிவேட்டில் உள்ள எல்லோரையும் இன்ஹேலரோடும் அட்டையோடும் ஒரு முறை வரவழைத்துவிட்டால், குளிர்காலத்துக்குத் தேவையான மருந்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக் கேட்டு வாங்க முடியும்.